கூட்டுக்குள் நடப்பது ஓய்வா, உழைப்பா?



சென்ற விடுமுறையில் பாறசாலையை அடுத்துள்ள எங்கள் சிற்றூருக்குப் போயிருந்தபோது நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எங்கள் வீட்டு வேலியோரத்தில் நின்ற தென்னை ஒன்று, காய்க்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன இளமரம், கொண்டை சாய்ந்து பட்டுப் போயிற்று. அதை வெட்டி வேலியருகே கிடத்தி ஒரு மாதத்திற்கு மேலாகியிருந்தது. விறகுக்காக அதைப் பிளக்கத் தென்னையேறும் முதியவர் ஒருவரை அழைத்தோம். அவர் கொண்டைப் பகுதியைப் பிளந்ததும், நாரைச் சுற்றி உருட்டினாற்போன்ற ஒரு பொருள் வெளியே விழுந்தது. இரண்டரை அங்குல நீளம் இருக்கும்.

"என்ன பாட்டா இது, கதம்பைத் துண்டா?" என்று கேட்டேன்.

"கதம்பை இல்ல மக்கா. உள்ள ஆளு இருக்கு" என்று சொல்லி, அரிவாள் முனையால் அதைக் கீறினார். உள்ளே வெளிர்மஞ்சள் நிறத்தில், கால்களையும் நீண்ட மூக்கையும் மார்போடு மடக்கி வைத்துக்கொண்டு ஓர் உயிர் கிடந்தது. தொட்டதும் அதன் வயிற்றுப் பகுதி மட்டும் மெல்ல அசைந்தது.

அந்த ஒரு மரத்தில் மட்டும் அத்தகைய நார்க்கூடுகள் பதினேழு இருந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று வெறுங்கூடுகள். ஒரு முனை திறந்து கிடந்தது. பாட்டா வேலிக்கு அப்பால் நின்ற அயல்வீட்டுத் தென்னைகளை நிமிர்ந்து நோக்கினார். "போனதெல்லாம் எங்க போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு மறுமொழி சொல்ல நாவெழவில்லை.

'கூட்டுப்புழு நிலை பூச்சியின் ஓய்வு நிலையாகும்' என்று பள்ளித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். பட்ட மரத்தில் இனி என்ன நடக்கப் போகிறது என்று வீட்டாரும் இருந்துவிட்டனர். ஆனால், எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைத்த அந்த மரத்தினுள்தான் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. கூட்டுக்குள் நடப்பது யாது? அதை அறிவதனால் நமக்கு ஆவது என்ன? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களில் ஒரு தெளிவு

முதலில் சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்து தின்று வளர்வது புழு. தின்பதை நிறுத்தி, உருமாறும் பருவத்தில் உள்ள உயிர் கூட்டுப்புழு. அவ்வுயிர் தன்னைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் உறையே கூடு. உயிர் வேறு, உறை வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது வீட்டையும் வீட்டுக்காரரையும் ஒன்றெனக் கொள்வது போலாகும்.

எல்லாக் கூட்டுப்புழுக்களுக்கும் கூடு உண்டா எனின், இல்லை. அந்துப்பூச்சிகளுள் பல, பட்டிழையால் கூடு நெய்கின்றன. வண்ணத்துப்பூச்சிகளோ பெரும்பாலும் கூடு கட்டுவதில்லை. அவற்றின் புழு, இலையின் அடியில் சிறு பட்டுத்திண்டு ஒன்றை ஒட்டி, அதில் தொங்கியபடியே தோலை உரித்துக் கூட்டுப்புழு ஆகிவிடும். அரளிச் செடியின் இலைகளைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளியால் வார்த்ததுபோல் பளபளக்கும் சிறு குமிழ் ஒன்று தொங்கக் காணலாம். அது கரும்பழுப்பு நிறமுள்ள காக்கை வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு. பூச்சி வெளிவந்தபின் அந்தப் பளபளப்பு மறைந்து, வெறுந்தோலே எஞ்சும்.

வெட்டுக்கிளி, கரப்பான், மூட்டைப்பூச்சி முதலியவற்றிற்கு இப்பருவமே கிடையாது. அவற்றின் குஞ்சுகள் பிறக்கும்போதே ஏறக்குறையத் தாயின் உருவத்தில் இருக்கும். தோலை உரித்து உரித்துப் பெரியவையாகும். ஆனால் வண்டு, அந்து, வண்ணத்துப்பூச்சி, ஈ, தேனீ, எறும்பு ஆகிய பெருங்குலங்கள் அனைத்தும் முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்பூச்சி என நான்கு நிலைகளைக் கடப்பவை. பூச்சி உலகின் பெரும்பான்மையோர் இவர்களே.

இந்த ஏற்பாட்டினால் விளையும் நன்மை யாது? புழுவும் பூச்சியும் ஒரே உணவுக்குப் போட்டியிடுவதில்லை. புழு இலையைத் தின்னும். வண்ணத்துப்பூச்சி தேனைப் பருகும். புழுவின் தொழில் உண்பதும் வளர்வதும். பூச்சியின் தொழில் பறப்பதும் இனம் பெருக்குவதும். வெவ்வேறு தொழிலுக்கு வெவ்வேறு உடல் வேண்டும் அன்றோ? ஓர் உடலைக் கலைத்து இன்னோர் உடலைக் கட்டும் பட்டறையே கூட்டுப்புழுப் பருவம்.

பழைய எண்ணமும் புதிய அறிவும்

கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், கூட்டுப்புழுவை இரண்டாவது முட்டை போன்றது எனக் கருதினார். புழு மடிந்து பூச்சி புதிதாகப் பிறக்கிறது என்னும் எண்ணமும் நெடுங்காலம் நிலவியது. 1669-ஆம் ஆண்டில் டச்சு நாட்டு அறிஞர் சுவாமர்டாம் இவ்வெண்ணங்களை மறுத்தார். கூடு கட்டவிருக்கும் புழுவின் தோலைப் பக்குவமாக நீக்கி, உள்ளே சிறகுகளின் தொடக்கம் மடிந்து கிடப்பதை அவர் காட்டினார். புழுவும் பூச்சியும் ஓருயிரே என்பது அதனால் தெளிவாயிற்று.

இக்காலத்தார் கண்டது இன்னும் நுட்பமானது. புழுவின் உடலுக்குள்ளேயே, அதன் அன்றாட வாழ்வில் பங்கு கொள்ளாத சிறுசிறு உயிரணுத் திரள்கள் ஒதுங்கி இருக்கின்றன. ஒன்று சிறகாக வேண்டியது. ஒன்று காலாக வேண்டியது. ஒன்று கண்ணாக வேண்டியது. கூட்டுப்புழுப் பருவத்தில் புழுவின் தசைகளும் குடலின் பெரும்பகுதியும் சிதைந்து கரைகின்றன. அந்தக் கரைசலையே உணவாகக் கொண்டு ஒதுங்கியிருந்த திரள்கள் விரைந்து வளர்கின்றன.

'அப்படியாயின் புழு முழுவதும் கூழாகி விடுகிறதா?' என்று கேட்கலாம். பலரும் அவ்வாறே சொல்கின்றனர். அது சரியன்று. மூளையும் நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதியும் திருத்தி அமைக்கப்படுகின்றனவே தவிர அழிவதில்லை. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் புகையிலைக் கொம்புப்புழுக்களுக்கு ஒரு வாடையை வெறுக்கக் கற்பித்தனர். முதிர்ந்த புழுவாக இருந்தபோது கற்ற அந்தப் பாடத்தை, கூட்டுப்புழுப் பருவம் கடந்து அந்துப்பூச்சியானபின்பும் அவை மறக்கவில்லை. 2013-இல் வண்ணத்துப்பூச்சியின் உயிருள்ள கூட்டுப்புழுவை அறுக்காமலேயே ஊடுகதிரால் நாள்தோறும் படமெடுத்தனர். காற்றுக்குழாய்கள் தொடக்கத்திலேயே உருப்பெற்று விளங்குவதை அப்படங்கள் காட்டின. எதை இடிப்பது, எதை வைத்துக்கொண்டு திருத்துவது என்னும் ஒழுங்கோடு நடைபெறும் பணி இது.

ஆணையிடுவது யார்?

இத்தனை வேலைக்கும் நாளும் வேளையும் குறிப்பது எது? போலந்து நாட்டு ஆய்வாளர் கோப்பெச், 1917 முதல் 1922 வரை வெளியிட்ட ஆய்வுகளில் இதற்கு வழி காட்டினார். குறித்த ஒரு காலத்திற்குமுன் புழுவின் மூளையை நீக்கிவிட்டால் அது கூட்டுப்புழு ஆவதில்லை. அக்காலம் கடந்தபின் நீக்கினால் ஆகிவிடுகிறது. ஆகவே மூளையிலிருந்து ஏதோ ஒரு நீர் சுரந்து இரத்தத்தில் கலந்து ஆணையிடுகிறது என்று அவர் முடிவு கூறினார். பின்வந்தோர், மூளையின் தூண்டுதலால் மார்புப் பகுதியில் உள்ள ஒரு சுரப்பி வேலை செய்வதைக் கண்டனர்.

அச்சுரப்பியின் நீரைப் பிரித்தெடுத்த கதை கேட்கத்தக்கது. 1954-இல் செருமானிய அறிஞர்களான புட்டநாண்டும் கார்ல்சனும் 500 கிலோகிராம் பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்து வடித்தனர். முடிவில் கிடைத்த படிகம் 25 மில்லிகிராமே. எக்டைசோன் என்று அதற்குப் பெயர். தோலுரிக்கவும் உருமாறவும் கட்டளையிடும் ஹார்மோன் அதுவே.

இதற்கு இணையாக வேறொரு ஹார்மோன் உண்டு. அதனை இளமை நீர் எனலாம். அது மிகுந்திருக்கும்வரை புழு தோலுரித்தாலும் மீண்டும் பெரிய புழுவாகவே ஆகும். அது குறைந்தபின் வரும் தோலுரிப்பில்தான் கூட்டுப்புழுவாகும். வேண்டாத வேளையில் இந்த இளமை நீரைக் கொடுத்தால் உருமாற்றம் கெடும். 1965-இல் இதற்கு எதிர்பாராத சான்று ஒன்று கிடைத்தது. பிராகாவிலிருந்து ஸ்லாமா என்னும் அறிஞர் ஹார்வர்டுக்குக் கொண்டுவந்த செம்பூச்சிகள் அங்கே முதிர்ச்சியடையாமலே மடிந்தன. தேடிப் பார்த்ததில், அவற்றின் கலத்தில் விரித்திருந்த காகிதமே காரணம் என்று தெரிந்தது. அக்காகிதம் செய்த மரத்தில் இளமை நீரைப் போன்ற ஒரு பொருள் இருந்தது. பூச்சிகளை வளரவொட்டாமல் தடுக்கும் மருந்தைச் சில செடிகள் தாமே வைத்துள்ளன என்று உலகம் அறிந்துகொண்டது. இச்செய்தியை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். நம் எருக்குழிக்கு வரும்போது இது பயன்படும்.

பட்டுக்கூடு

கூடு என்றதும் நம் நினைவுக்கு வருவது பட்டுக்கூடுதான். முசுக்கொட்டை இலையை நான்கு வாரம் போலத் தின்று, நான்கு முறை தோலுரித்த பட்டுப்புழு, தலையை எட்டு என்னும் எண்ணின் வடிவில் அசைத்து அசைத்து, இரண்டு மூன்று நாளில் கூட்டை முடிக்கிறது. வாயருகே வெளிப்படும் நீர் காற்றுப் பட்டதும் இழையாகிறது. ஒரு கூட்டில் ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளமுள்ள இழை அறுபடாமல் இருக்கும். உள்ளிருக்கும் அந்து வெளியே வந்தால், தான் கக்கும் நீரால் கூட்டின் முனையை நெகிழ்த்துத் துளையிட்டுவிடும். இழை கெடும். ஆதலின் அதற்குமுன்பே கூடுகளை ஆவியில் வைத்துக் கூட்டுப்புழுவைக் கொன்றுவிடுகின்றனர்.

கூட்டின் பயன் பாதுகாப்பு. நடக்கவும் கடிக்கவும் ஓடவும் இயலாத பருவத்தில் பகைவரிடமிருந்தும் வெயில், மழை, வறட்சி ஆகியவற்றிலிருந்தும் அது காக்கிறது. சில பூச்சிகள் நற்காலம் வரும்வரை இப்பருவத்திலேயே காத்திருக்கின்றன. தமிழ்நாட்டு நிலக்கடலைக் கொல்லைகளை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் பல மாதம் கிடந்து, அடுத்த ஆண்டு மழை விழுந்ததும் அந்தாக எழும்பி வரும்.

பட்டுக்கூட்டைப் பற்றி எல்லா நூல்களும் பேசும். ஆனால் நெய்யாற்றின்கரை வட்டத்தில் பட்டுக்கூட்டைத் தேடுவானேன்? நம் தோட்டத்தில் உள்ள கூடுகளைப் பார்ப்போம்.

செம்பன் செல்லியின் நார்க்கூடு

எங்கள் தென்னையில் கிடைத்தது சிவப்புக் கூன்வண்டின் கூடு. எல்லைப்புறத்தில் மலையாள வழக்கையொட்டிச் செம்பன் செல்லி என்போம். இவ்வண்டு செம்பழுப்பு நிறமும் வளைந்த நீண்ட மூக்கும் உடையது. தென்னையில் எங்கே காயம் உண்டோ, எங்கே சாறு கசிகிறதோ, அந்த வாடையை நாடி வரும். ஒரு பெண்வண்டு 200 முதல் 300 வரை முட்டையிடும். சில நாளில் காலில்லாத வெண்புழுக்கள் வெளிப்பட்டுத் தண்டின் இளஞ்சதையைத் துளைத்துத் தின்னும். ஒன்று முதல் மூன்று மாதம் வரை இந்தத் தீனி நடக்கும். வெளியே ஓலை பச்சையாகவே இருக்கும். மரத்தில் காதை வைத்தால், உள்ளே நறநறவென்று கடிக்கும் ஓசை கேட்கும்.

தின்று முடித்த புழு, தான் தின்ற மரத்தின் நாரையே எடுத்துத் தன்னைச் சுற்றிச் சுற்றி முறுக்கிக் கூடு செய்கிறது. பட்டுப்புழு தன் உடலிலிருந்து நூல் எடுத்தது. இதுவோ அழித்த வீட்டின் கூரையைக் கொண்டே தொட்டில் கட்டுகிறது! அக்கூட்டினுள் இரண்டு மூன்று வாரம் உருமாற்றம் நடைபெறும். வண்டாகியபின்னும் ஓடு இறுகும்வரை சில நாள் உள்ளேயே தங்கி, பின்னர் வெளிவரும். முட்டை தொடங்கி வண்டாகும்வரை மூன்று நான்கு மாதம் ஆகும். ஒரே மரத்தில் முட்டை, புழு, கூடு, வண்டு நான்கும் ஒருங்கே இருப்பதுண்டு. ஆகவே மரம் சாய்ந்த நாள், செல்லியின் வேலை முடிந்த நாளன்று. அடுத்த தலைமுறை புறப்படக் காத்திருக்கும் நாள் அது. நாங்கள் ஒரு மாதம் கிடத்தி வைத்த மரம், செல்லிக்கு ஒரு மாதம் கொடுத்த தவணையாயிற்று.

ஐந்து முதல் இருபது ஆண்டு வரை வயதுள்ள தென்னைகளே இதற்கு மிகுதியும் இரையாகின்றன. குடும்பத்திற்கு வருமானம் தரத் தொடங்கும் வேளையில் மரம் போய்விடுகிறது. தென்னாசியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வண்டு, 1980-களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளையும், 1990-களில் ஸ்பெயின் நாட்டையும் எட்டிற்று. கன்றுகளை நாடுவிட்டு நாடு கொண்டுசென்றபோது உள்ளே மறைந்திருந்த புழுவும் கூடும் உடன் சென்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நெய்யாற்றின்கரைக்கும் விளவங்கோட்டிற்கும் இடையே மாநில எல்லை வந்தது நமக்கு. செல்லிக்கு எல்லை இல்லை. களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் அது நிற்பதும் இல்லை.

கொம்பன் செல்லியின் மண்கூடு

செம்பன் நுழைவதற்குக் கதவைத் திறந்து விடுபவன் ஒருவன் உண்டு. அவனே காண்டாமிருக வண்டு. நம் வழக்கில் கொம்பன் செல்லி. இவ்வண்டு தென்னையின் குருத்தைத் துளைத்து உட்புகும். அக்குருத்து விரிந்து ஓலையாகும்போது, கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல் முக்கோண வெட்டுகள் காணப்படும். மரம் பெரும்பாலும் இதனால் உடனே சாவதில்லை. ஆனால் இது துளைத்த காயத்தின் வாடைக்கே செம்பன் வந்து முட்டையிடுகிறது.

கொம்பனின் பிள்ளைப்பருவம் மரத்தில் இல்லை, நம் எருக்குழியில். சாணக்குவியல், மக்கிய தடி, குப்பைமேடு ஆகியவற்றில் முட்டையிடும். கொழுத்து வளைந்த வெண்புழு மூன்று நான்கு மாதம் எருவைத் தின்று வளர்ந்து, மண்ணையும் எருவையும் இறுக்கி ஒரு மண்கூடு அமைத்து, அதனுள் மூன்று நான்கு வாரம் கூட்டுப்புழுவாக இருக்கும். தென்னையின் உச்சியில் கொம்பனைத் தேடும் நாம், அவன் தொட்டிலை வீட்டுக் கொல்லையிலேயே வைத்து வளர்க்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

இங்கேதான் முன்னர்க் குறித்த செய்தி பயன்படுகிறது. வேலியோரங்களில் தானே முளைக்கும் வட்டப்பெருகு என்னும் செடியை நீங்கள் கண்டிருப்பீர்கள். பெருவலம் என்றும் சொல்வர். இதன் தழையை எருக்குழியில் சேர்க்கும்படி காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் பரிந்துரைக்கின்றனர். அது கொம்பன் புழுவின் ஹார்மோன் ஒழுங்கைக் குலைத்து, உருமாற்றம் செவ்வனே நிறைவேறாமல் தடுக்கிறது. பயனற்ற களை என்று நாம் வெட்டி எறிவது நம் தென்னைக்குக் காவல் நிற்கிறது!

முயிற்றின் பொதுக்கூடு

மாமரத்திலும் பலாவிலும் இலைகளைச் சேர்த்துப் பந்துபோல் கட்டியிருக்கும் செவ்வெறும்புக் கூட்டைக் கண்டிராதவர் யார்? தமிழில் முயிறு, பேச்சில் முசுறு, மலையாளத்தில் நீறு. சில எறும்பினங்களின் புழுக்கள் தமக்கெனத் தனித்தனிக் கூடு நெய்துகொள்ளும். கல்லைப் புரட்டினால் எறும்புகள் தூக்கிக்கொண்டு ஓடும் வெண்ணிற உருண்டைகளை நாம் முட்டை என்கிறோம். அவற்றுள் பல முட்டையல்ல; கூட்டுப்புழுக்களே. முயிற்றின் புழுவோ தனக்கென்று கூடு நெய்வதில்லை. வேலைக்கார எறும்புகள் இலைகளின் விளிம்பை இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வேறு எறும்புகள் முதிர்ந்த புழுவை வாயில் கவ்வி, ஓர் இலைக்கும் மற்றோர் இலைக்குமாகக் கொண்டுபோய்க் கொண்டுவரும். புழு விடும் பட்டிழையால் இலைகள் தைக்கப்படும்.

நெய்யாற்றின்கரைக்கு அணித்தான பாலராமபுரத்தில் குழித்தறியைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலராமவர்மர் ஆட்சியில், தமிழ்ப் பகுதியிலிருந்து குடியமர்த்தப்பட்ட சாலியரின் வழியினர் அங்கே பருத்தி நெய்கின்றனர். அவர்தம் கையில் ஓடும் நாடாவைப் போலவே முயிற்றின் வாயில் புழு ஓடுகிறது. தன் கூட்டுக்குரிய இழையைப் புழு குடிக்கே கொடுத்துவிடுவதால், அது கூடின்றி வெற்றுடம்பாகவே கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கிறது. குடி அதைக் காக்கிறது.

முயிறு கடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் மரத்தைத் தின்னும் புழுபூச்சிகளை அது வேட்டையாடும். சீன நாட்டார் கி.பி. 304 அளவிலேயே நாரத்தை, கிச்சிலித் தோட்டங்களைக் காக்க இவ்வெறும்பின் கூடுகளை வாங்கிக் கட்டினர் என்று எழுதி வைத்துள்ளனர்.

நண்பனின் கூடு

இன்னொரு கூட்டையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும். நெல்வயலிலோ காய்கறித் தோட்டத்திலோ, சோர்ந்து கிடக்கும் ஒரு புழுவின் மேலும் அதன் அருகிலும் அரிசிக் குறுநொய் போன்ற வெண்ணிறப் பொதிகள் ஒட்டியிருக்கக் காணலாம். 'புழு முட்டையிட்டிருக்கிறது' என்று எண்ணி நசுக்கிவிடுகிறோம். புழு எங்கேனும் முட்டையிடுமா? முட்டையிடுவது முதிர்பூச்சி அல்லவா? அப்பொதிகள் சிறுகுளவிகளின் கூடுகள். தாய்க்குளவி பயிர்ப்புழுவின் உடலுக்குள் முட்டையிட்டது. அதன் மக்கள் உள்ளிருந்தே அதைத் தின்று, வெளிவந்து கூடு கட்டியுள்ளனர். அவற்றை நசுக்குவது, நம் காவலரை நாமே கொல்வதாகும்.

தென்னையோலையின் அடியில் நூலும் எச்சமும் கலந்த குழாய் கட்டி வாழும் கருந்தலைப்புழுவை அடக்க, இத்தகைய சிறுகுளவிகளை வளர்த்துத் தோப்பில் விடுகின்றனர். அவற்றுள் சில புழுவைத் தாக்கும். பிராக்கிமீரியா என்னும் குளவியோ கூட்டுப்புழுவைத் தேடிச் சென்று தாக்கும். நம் கண்ணுக்குத் தப்பும் கூட்டுப்புழு அதன் கண்ணுக்குத் தப்புவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள் தம் வீட்டில் இவற்றைச் சொல்லலாம், செய்தும் காட்டலாம்.

1. செல்லி விழுந்து பட்ட தென்னையை ஒரு நாளும் தோட்டத்தில் கிடத்தி வைக்கலாகாது. உடனே வெட்டிப் பிளந்து, உள்ளிருக்கும் புழுக்களையும் நார்க்கூடுகளையும் அழித்து, கொண்டைப் பகுதியை எரித்துவிட வேண்டும்.

2. இளந்தென்னையில் காயம் படாமல் காத்தல் வேண்டும். பச்சை மட்டையைத் தறிக்க நேர்ந்தால், தண்டை ஒட்டி வெட்டாமல் மூன்று நான்கு அடி விட்டு வெட்டுக.

3. தண்டில் துளை, துளையில் பழுப்பு நீர்க்கசிவு, மென்று துப்பிய நார், நடுக்குருத்து வாடுதல் ஆகிய குறிகளைக் கண்டால் மரத்தில் காது வைத்துக் கேட்டு, கிருஷி பவன் அலுவலரை அழைத்திடுக. தொடக்கத்தில் கண்டால் மரம் பிழைக்கும்.

4. எருக்குழியை அவ்வப்போது கிளறிக் கொம்பனின் புழுக்களையும் மண்கூடுகளையும் பொறுக்குக. வட்டப்பெருகுத் தழையைச் சேர்த்திடுக. குருத்தில் புகுந்த வண்டைச் செல்லிக்கோலால் எடுப்பதும், மட்டை இடுக்குகளில் வேப்பம்பிண்ணாக்கும் மணலும் கலந்து இடுவதும் நன்று.

5. 1993-இல் செம்பன் செல்லியின் ஆண்வண்டு விடும் மண வேதிப்பொருளை அறிஞர் கண்டறிந்தனர். அதை வைத்த கவர்ச்சிப் பொறிகள் இன்று கிடைக்கின்றன. ஆனால் ஒருவர் தோட்டத்தில் மட்டும் தொங்கவிட்டால் ஊர்ச் செல்லியெல்லாம் அங்கே கூடும். தெருவார் ஒன்றுகூடிச் செய்யத்தக்க வேலை இது.

முடிவுரை

அயல்வீட்டுத் தென்னைகளை என் செய்தீர்கள் என்று கேட்பீர்கள். அன்று மாலையே பாட்டாவுடன் வேலியைக் கடந்து சென்றேன். நடந்ததை அவ்வீட்டு மாமியிடம் ஒளிக்காமல் சொன்னேன். மூன்று தென்னைகளில் காது வைத்துப் பார்த்தோம். இரண்டாவது மரத்தின் அடியில் ஒரு துளையும் கசிவும் இருந்தன. மறுநாள் கிருஷி பவனிலிருந்து வந்து மருந்திட்டனர். அவர்கள் தந்த துண்டறிக்கை மலையாளத்தில் இருந்தது. மாமிக்குத் தமிழ் எழுத்தே வாசிக்க வரும். திண்ணையில் அமர்ந்து வரிவரியாக அவருக்குத் தமிழில் சொன்னேன். நான் பல்கலைக்கழகத்தில் கற்ற கல்வி எங்கள் தெருவில் பயன்பட்டது அன்றுதான். இரு மொழி அறிந்த எல்லைப்புறத்து மாணவர் ஒவ்வொருவரும் இதைச் செய்யலாம். அம்மரம் இன்றும் நிற்கிறது. புதுக்குருத்து விட்டிருப்பதாக வீட்டிலிருந்து எழுதியுள்ளனர்.

கூட்டுப்புழு நிலை ஓய்வு நிலையன்று. உண்ணாமல், ஓடாமல், பிறர் கண்ணில் படாமல் செய்யப்படும் பெரும் உழைப்பு அது. அந்த உழைப்பைப் பட்டில் கண்டு வியக்கிறோம். குளவியில் கண்டு பாதுகாக்க வேண்டும். செல்லியில் கண்டு காலத்தே தடுக்க வேண்டும். கூட்டைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: உள்ளே இருப்பவர் யார்?

விடுமுறை முடிந்து திரும்பும்போது, உங்கள் தோட்டத்தில் எத்தனை கூடுகளைக் கண்டீர்கள் என்று நம் மன்றக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். கேட்க ஆவலாய் இருக்கிறோம்.